போத்தலில் உள்ள '12' எதை எண்ணுகிறது?

மாணவர்களே, சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்தைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும் என்பார். தென்னம்பாளைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் சில மணி நேரத்தில் எத்தனாலாக மாற்றுகிறது. பிறகு பாக்டீரியா அதைக் காடியாக்குகிறது. கள்ளின் வயதை மணிக்கணக்கில்தான் சொல்ல முடியும். அப்படியிருக்க, விஸ்கிப் போத்தலில் '12 ஆண்டு' என்று எப்படி அச்சிடுகிறார்கள்?

விஸ்கி காய்ச்சி வடித்தது. அதில் எத்தனால் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பதால் நுண்ணுயிர்கள் வாழ முடியாது, அதனால் புளிப்பதில்லை. வடித்தவுடன் அது தண்ணீர்போல் நிறமற்றிருக்கும். அமெரிக்காவின் பர்பன் வகையை, உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக்கலனில் வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வெப்பத்தில் திரவம் விரிந்து மரத்துக்குள் ஊறும். குளிரில் சுருங்கி வெளியே வரும். கருக்கும்போது மரத்தின் லிக்னின் சிதைந்து உண்டான வனிலினும் அதோடு கரைந்து வரும். ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே பொருள்தான்.

அந்த எண் பீப்பாயில் கழிந்த ஆண்டுகளை மட்டுமே குறிக்கும். 12 ஆண்டுச் சரக்கோடு 4 ஆண்டுச் சரக்கைக் கலந்தால் '4' என்றுதான் போடலாம். நான்கு ஆண்டுக்குக் குறைந்த விஸ்கி என்றால் அமெரிக்காவில் வயதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணாடிப் போத்தலோ எதையும் சேர்க்காது. யார் வீட்டு அலமாரியிலாவது 20 ஆண்டு கிடந்தாலும் 12 என்பது 12தான்!

இடம் மாறினால் அந்த எண்ணின் பொருளும் மாறுகிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரின் அம்ருத் ஆலையிலோ 10 விழுக்காட்டுக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு ஆண்டில் அங்கே 85 விழுக்காடு மிஞ்சும், இங்கே பாதிகூட மிஞ்சாது. வெப்பத்தில் மரத்தின் சத்தும் விரைவாக இறங்கிவிடுகிறது. அம்ருத் வகைகள் பலவற்றில் வயதே இல்லாததற்கு இதுதான் காரணம்.

பழையது என்றால் கெடுதல் குறைவு என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. எத்தனை ஆண்டானாலும் எத்தனால் எத்தனால்தான். தோட்டக் குடும்பங்கள் பலவற்றைச் சீரழித்த மலிவுச் சம்சுவை நினைத்துப் பாருங்கள். கள்ளத்தனமாகத் தயாரிக்கும் மதுவில் மெத்தனால் கலந்திருந்தால், உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்; பார்வை நரம்பு கெடும், உயிரும் போகலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் இப்படித்தான் மாண்டார்கள். மெத்தனாலை நிறத்தை வைத்தோ மணத்தை வைத்தோ பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடச் சோதனைதான் காட்டும்.