உலக ஸ்தாபனத்தில் உத்தியோகம் போனால்

தலைநகர் தில்லியில் உலக சுகாதார ஸ்தாபனம், யுனெஸ்கோ, யுனிசெப் முதலிய உலக அமைப்புகளின் அலுவலகங்கள் உள்ளன. அவற்றில் உத்தியோகம் கிடைப்பதைப் பெரும் பேறாகவே நம் குடும்பங்கள் கருதுகின்றன. ஆயினும் ஒரு நாள், 'உமது சேவை இனித் தேவையில்லை' என்று கடிதம் வந்துவிட்டால் என் செய்வது? ஊர் விட்டு வந்து குடியேறிய குடும்பத்துக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் காத்திருப்பதில்லை.

உள்ளூர் நீதிமன்றத்தை நாடலாமே என்று தோன்றும். ஆனால் அந்தக் கதவு பெரும்பாலும் திறவாது. 1946-ல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற உடன்படிக்கையும், 1947-ல் இந்தியா இயற்றிய சட்டமும் இத்தகைய ஸ்தாபனங்களுக்கு வழக்கிலிருந்து விலக்குரிமை அளித்துள்ளன.

அப்படியானால் நியாயம் கேட்க இடமே இல்லையா? உண்டு. ஊழியர் வழக்குகளுக்கென்றே 1927-ல் பழைய சர்வதேச சங்கம் ஒரு மன்றம் கண்டது. அதுவே 1946 முதல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் நிர்வாக நீதிமன்றமாக ஜெனீவாவில் விளங்குகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் யுனெஸ்கோவினரும் அணுக வேண்டியது இதனையே. ஐ.நா. 1949-ல் தனக்கெனத் தனி மன்றம் அமைத்தது. 2009 ஜூலை முதல் தகராறு மன்றம், மேல்முறையீட்டு மன்றம் என இரண்டு மன்றங்கள் அப்பணியை ஏற்றன. யுனிசெப் ஊழியர்க்கு உரியவை இவை.

இம்மன்றங்களின் தீர்ப்புக்கு வலிமை உண்டா? 1952, 1953-ஆம் ஆண்டுகளில், கம்யூனிஸ்டுகளா என்று அமெரிக்க செனட் குழு கேட்டதற்கு விடையளிக்க மறுத்த ஐ.நா. ஊழியர் சிலர் நீக்கப்பட்டனர். அவருள் பதினொருவருக்கு நஷ்டஈடு தருமாறு மன்றம் தீர்ப்பளித்தது. பணம் தர மறுக்கலாமா என்று பொதுச் சபை சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்டது. மறுக்க உரிமை இல்லை என்று 1954 ஜூலை 13-ல் அது கருத்துரைத்தது. தலைவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. இரசாயன ஆயுதத் தடை அமைப்பின் தலைவர் ஹோசே புஸ்தானி 2002-ல் பதவியினின்று அகற்றப்பட்டார். அது சட்டவிரோதம் என்று 2003-ல் ஜெனீவா நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

எனினும் நாள் தவறினால் உரிமையும் தவறும். ஐ.நா. ஊழியர், முடிவு தமக்கு அறிவிக்கப்பட்ட 60 நாட்களுக்குள் நிர்வாகத்திடம் மறுபரிசீலனை கோர வேண்டும். விடை திருப்தி தராவிடில் 90 நாட்களுக்குள் மன்றம் செல்லலாம். ஒழுங்கு நடவடிக்கையின் பேரில் நீக்கப்பட்டவர் மறுபரிசீலனையின்றி நேரே செல்லலாம். ஜெனீவா நீதிமன்றமோ, ஸ்தாபனத்தின் உள் முறையீடுகளை முடித்துவிட்டு, இறுதி முடிவிலிருந்து 90 நாட்களுக்குள் வருமாறு சொல்கிறது.

வென்றாலும் பழைய நாற்காலி மீளுமென்ற உறுதி இல்லை. ஐ.நா. மன்றத்தில், வேலைக்குப் பதிலாக நஷ்டஈடு தர நிர்வாகம் முன்வரலாம். அதுவும் சாதாரணமாக இரண்டாண்டு அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டாது. ஆயினும் களங்கம் நீங்குவது சிறிய லாபமா?

ஆகவே அன்பர்களே, நியமனக் கடிதம் முதல் நீக்கக் கடிதம் வரை ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துங்கள். ஐ.நா. ஊழியர்க்கென உள்ள இலவசச் சட்ட உதவி அலுவலகத்தைத் தயங்காது அணுகுங்கள். வருந்துவதற்கு முன், கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.