நால்வகைக் குரலும் அவற்றின் பெயர்களும்

கண்டி மாநகரிலே தலதா மாளிகையின் முரசொலியும், அதன் அயலில் நிற்கும் புனித பவுல் ஆலயத்தின் மணியோசையும் ஒரே காற்றில் உலவுவன. திரித்துவக் கல்லூரியில் 1935ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பெற்ற ஆலயமோ கண்டியச் சிற்ப மரபைத் தழுவிய தூண்களோடு விளங்குவது. இத்தகைய நகரில் தேவாலயப் பாடகர் குழுக்கள் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என நான்கு பிரிவாக நின்று பாடுவது பழகிப்போன காட்சி. மேலைத்தேய சங்கீதத்தைப் பாடமாகப் பயிலும் நம் மாணவரும் இந்நான்கு பெயர்களையும் மனனம் செய்கின்றனர். ஆயின், அவற்றின் பொருள் யாதென வினவுவார் சிலரே.

வினவினால் ஒரு வியப்புத் தோன்றும். ‘ஆல்ட்டோ’ என்ற சொல்லுக்கு ‘உயர்ந்தது’ என்பதே பொருள். குழுவிலோ அது பெண்குரல்களுள் தாழ்ந்ததைக் குறிக்கின்றது. உயர்ந்தது தாழ்ந்ததன் பெயரானது எங்ஙனம்? இதற்கு விடை காண ஓராயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த ‘மூசிக்கா என்கிரியாதிஸ்’ என்னும் இசைநூல் இரு குரல்களையே பேசுகின்றது. வழிபாட்டில் வழங்கிய பழைய பாடலை இசைப்பது தலைமைக் குரல். அதனோடு நான்காம் சுரத்திலோ ஐந்தாம் சுரத்திலோ இணைந்து செல்வது துணைக்குரல். மூன்றாம், ஆறாம் சுரங்களின் சேர்க்கையை அக்காலத்தார் முழு இசைவாகக் கொள்ளவில்லை. இங்கே தமிழ் மாணவர் சற்றே நின்று சிந்திக்கலாம். சிலப்பதிகார உரை வழியே நாம் அறியும் நரம்புறவுகளுள் ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றும் ஆறும் பகை. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் செவியின் தீர்ப்பில் ஒன்றுபட்டமை இன்பம் தருவதன்றோ!

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயத்தைச் சார்ந்த லெயோனின், பெரோத்தின் என்போர் இக்கலையை வளர்த்தனர். பழைய பாடலின் ஒவ்வொரு சுரத்தையும் நெடிது நீட்டி ஒரு குரல் பிடித்திருக்க, அதன்மேல் பிற குரல்கள் விரைந்து படர்ந்தன. ‘பிடித்திருத்தல்’ எனப் பொருள்படும் ‘தெனேரே’ என்ற இலத்தீன் வினையினின்றே பிறந்தது ‘டெனர்’. ஆகவே அது முதலில் ஆடவர் குரலின் எல்லையைக் குறித்த பெயரன்று. ஒரு தொழிலைக் குறித்த பெயர். அதன்மேல் அமைந்தவை ‘இரண்டாவது’, ‘மூன்றாவது’, ‘நான்காவது’ என எண்ணாலேயே பெயர் பெற்றன. மூன்றாவதைக் குறித்த ‘திரிப்லும்’ என்பதே ஆங்கிலத்தில் ‘டிரெபிள்’ ஆயிற்று என்பர்.

நம் நாதசுர மேளத்தில் ஒத்து ஊதுவோரை இங்கு நினைவுகூரலாம். ஒத்து ஒரே சுரத்தில் நிற்பது. டெனரோ மெல்ல நகர்வது. வேற்றுமை இதுவாயினும் தாங்கும் பணி ஒன்றே.

14ஆம் நூற்றாண்டில் டெனருக்கு எதிராக நின்று, அதன் எல்லையிலேயே ஊடாடிய குரல் ‘கொந்த்ராடெனர்’ எனப்பட்டது. மாஷோ இயற்றிய நாற்குரல் திருப்பலி இசையில் இதனைக் காணலாம். 15ஆம் நூற்றாண்டில் இக்குரல் இரண்டாகப் பிரிந்தது. டெனரினும் உயர்ந்து சென்றது ‘ஆல்த்துஸ்’; தாழ்ந்து சென்றது ‘பாசுஸ்’. முன்னதே ஆல்ட்டோ, பின்னதே பாஸ். புதிர் இவ்வாறு அவிழ்கின்றது: ஆல்ட்டோ உயர்ந்தது என்றது டெனரை நோக்கியே. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது சோப்ரானோ. 16ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு குரலுக்கும் தனி ஏடு அச்சிட்டபோது, எல்லை வரையறை இல்லாத ஐந்தாம் குரல் வெறுமனே ‘ஐந்தாவது’ என்றும், சிற்சில வேளை ‘அலைவது’ என்றும் பெயர் பெற்றது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு? கலைச்சொல்லாக்கத்துக்கு இது இன்றியமையாதது. ஆல்ட்டோவை ‘உயர்குரல்’ என மொழிபெயர்த்தால் மாணவன் மயங்குவான். மெலிவு, சமன், வலிவு என்னும் நம் பழஞ்சொற்களைப் பொருத்த முனைந்தாலும் பிழை நேரும். அவை சுரநிலைகளைக் குறிப்பன, ஒரு குழுவினுள் குரல்கள் ஆற்றும் பணியைக் குறிப்பன அல்ல. பெயர்களை அப்படியே கொண்டு, அவற்றின் வரலாற்றைத் தமிழில் விளக்குவதே தக்க நெறி.

கண்டியை அடுத்த அம்பிட்டியவில் பாப்பரசர் 13ஆம் லியோ 1893இல் நிறுவிய குருத்துவக் கல்லூரி, 1955இல் புனே நகருக்குப் பெயரும் வரை, இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் மாணவரை ஒருங்கே பயிற்றியது. இலத்தீனே வழிபாட்டு மொழியாயிருந்த அக்காலத்தில், ‘தெனேரே’ என்ற வினை அவர்க்கு அன்றாடச் சொல். இன்று அவ்வேரைக் காட்டும் பொறுப்பு நம் ஆசிரியரைச் சார்ந்தது.

பல்குரலிசையைக் கேட்போர் செவி மேற்குரலையே நாடும். வரலாறோ வேறொன்று சொல்கின்றது: மேற்குரல் பிறர்மேல் ஏறி நிற்பது, தாங்கிய குரலோ தன் தொழிலையே பெயராகப் பெற்றது. குழுவின் நடுவரிசையில் நின்று, தன் குரல் எவர்க்கும் கேட்கவில்லையே என ஏங்கும் மாணவனுக்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.