தோண்டிய கிடங்கைக் காடாக்கும் முறை

கொழும்பில் வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளுக்கும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய வீடுகளுக்கும் போன சீமெந்தில் ஒரு பங்கு புத்தளத்துச் சுண்ணாம்புக் கல். வில்பத்து தேசிய பூங்காவுக்குத் தெற்கே, அருவக்காட்டில் வெட்டப்படும் அந்தக் கல் ரயிலில் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டனர். அதன் பின் கொழும்பின் குப்பையும் கல் வெட்டிய அதே அருவக்காட்டுப் பக்கத்துக்குப் போயிற்று. புத்தளம் மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது: தோண்டி முடித்த நிலம் குப்பைக்கென்று பிறந்ததல்ல.

அதை உணர்ந்து செய்த வேலையும் அருவக்காட்டிலேயே உண்டு. ஹோல்சிம் லங்கா நிறுவனம், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்துடன் சேர்ந்து, கல் எடுத்து முடிந்த இடங்களில் நாட்டு மரங்களை நட்டு உலர்வலயக் காட்டை மீட்க முனைந்தது. கிரவல் கிடங்கானாலும் கற்கிடங்கானாலும், உலர்வலயத்தில் செய்ய வேண்டிய வேலையின் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

1. மேல்மண்ணைக் காப்பாற்றுங்கள்

மீட்பு வேலை தோண்டத் தொடங்கும் நாளிலேயே தொடங்குகிறது. மேலே உள்ள ஒரு சாண் மண்ணில்தான் விதையும் வேரும் பூஞ்சணமும் நுண்ணுயிரும் இருக்கின்றன. அதை முதலில் வழித்து, அடிமண்ணோடு கலக்காமல், தாழ்ந்த வரம்பாகக் குவிக்க வேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் உயிர் மடியும். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தாலும் அதே கதிதான். இயன்றால் ஒரு பக்கம் வழித்த மண்ணை உடனே வெட்டி முடித்த மறுபக்கத்தில் பரப்புங்கள். இதைத் தவறவிட்டவருக்குப் பிறகு வரும் எல்லா வேலையும் இரட்டைச் செலவு.

2. நிலத்துக்கு வடிவம் கொடுங்கள்

செங்குத்தான சுவர்களைச் சரித்து, ஒரு மீற்றர் உயரத்துக்கு மூன்று மீற்றர் நீளமாவது வரும் சாய்வாக்க வேண்டும். கழித்துப் போட்ட மண்ணையும் கல்லையும் அடியில் நிரப்புங்கள். மழைநீர் ஓடும் வழியைச் சாய்வுக்குக் குறுக்கே வரம்பு கட்டித் தடுத்தால் மண் அரிக்காது. ஆழமான ஒரு மூலையைக் குளமாக விடலாம். மாட்டுக்கும் மயிலுக்கும் உதவும்.

3. இறுகிய தரையைக் கிளறுங்கள்

லொறியும் டோசரும் ஓடிய தரையில் வேர் இறங்காது. டோசரின் பின்கொழுவால் அரை மீற்றர் ஆழத்துக்குக் கிழித்துவிட்டு, அதன்மேல் மேல்மண்ணைப் பரப்புங்கள். பரப்பிய பின் வாகனம் ஏறக்கூடாது. இரசாயன உரம் வேண்டாம். நாட்டுச் செடிக்கு முன் அதைக் கினிப்புல்தான் உண்ணும். காய்ந்த இலையும் கிளையும் மூடாக்காகப் போதும்.

4. முதலில் புல், பிறகு மரம்

பக்கத்துக் காட்டிலும் தரவையிலும் விதை சேர்க்க வேண்டும். நாட்டுப் புல்லும் பற்றையும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெயில் தாங்கும் ஆத்தி, கொன்றை, வேல் இனங்கள் அடுத்து. அவை நிழல் தந்த பிறகே பாலை, வீரை, முதிரை, கருங்காலி. இவை மெதுவாக வளர்பவை, அவசரம் பலிக்காது. நாற்றுக்கு, நடுவதற்கு முந்திய கடைசி மாதத்தில் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்குங்கள். மாரி மழை ஐப்பசியில் பிடித்தவுடன் நட்டால், கச்சான் காற்று வீசுமுன் வேர் ஆழம் போயிருக்கும்.

5. காவல் இருங்கள்

முதல் மூன்று ஆண்டுகளில் மாடும் நெருப்பும் களையும் பெரிய எதிரிகள். யானை வரும் இடத்தில் வேலியின் வகையை முன்பே யோசிக்க வேண்டும். காய்ந்த கொம்புகளை ஆங்காங்கே நட்டுவிட்டால் கொண்டைக்குருவி வந்து அமரும். அது எச்சத்தோடு போடும் விதைக்குச் செலவே இல்லை.

6. மண்ணுயிரைத் திரும்ப அழையுங்கள்

கென்யாவின் மொம்பாசாவில் ரெனே ஹாலர் 1971இல் சீமெந்துக் கற்கிடங்கொன்றில் மரம் நடத் தொடங்கினார். அவர் சோதித்த 26 வகையில் மூன்றுதான் பிழைத்தன. அவற்றில் ஒன்றான சவுக்கின் சருகு மக்காமல் கிடந்தது. மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று கழித்ததே மண்ணாயிற்று. மரத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் ஏமாறுவார். சருகு மக்குகிறதா, நடாத செடி தானாய் முளைக்கிறதா என்று ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கனியம் தோண்ட முடியாது. கொழும்பில் வீடு கட்டுகிறவர் ஒரு லோட் கிரவல் வாங்கும்போது அந்த அனுமதி இருக்கிறதா, மேல்மண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். வாங்குபவர் கேட்டால்தான் தோண்டுபவர் மேல்மண்ணைப் பொருளாக மதிப்பார். நம் சுவருக்காகத் தோண்டிய நிலத்துக்கு நாமும் பொறுப்பு.