சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய புல்லட் ஏற்காடு மலைப்பாதையில் ஏறுகிறது. லாரியைத் தாண்ட ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் குபீரென எழும்புகிறது. ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை. ‘பிக்கப் இல்லை’ என்று சொல்லி மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், சில நேரம் பிஸ்டன் ரிங் வரை செலவு இழுக்கும். அதற்கெல்லாம் முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இன்ஜினுக்கே சக்தி குறைந்திருந்தால் சத்தமும் ஏறாது. சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால், பிறந்த சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியில் நழுவுகிறது. நழுவும் இடம் கிளட்ச்.

1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டிகளில், இடப்பக்க மூடிக்குள் எண்ணெயில் நனைந்தபடி கிளட்ச் சுழல்கிறது. உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டும் வெறும் இரும்புப் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்க, ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. அந்தப் பிடி தாங்கும் முறுக்குவிசை நான்கின் பெருக்கல்: ஸ்பிரிங்கின் அழுத்தம், உராய்வுத் தன்மை, உரசும் பரப்புகளின் எண்ணிக்கை, பிளேட்டின் சராசரி ஆரம். பின்னிரண்டும் வண்டியின் ஆயுளுக்கும் மாறாதவை. ஆகவே அழுத்தம் குறைந்ததா, உராய்வு குறைந்ததா என்ற இரண்டே கேள்விகள்தான் மிச்சம்.

நோய் முதலில் தலைகாட்டுவது டாப் கியரில். முதல் கியரில் வண்டி சட்டென வேகமெடுப்பதால் இன்ஜினும் கூடவே வேகமாகச் சுழலத் தொடங்கும். முறுக்குவிசையின் ஒரு பங்கை அதன் ஃப்ளைவீலே விழுங்கிவிடும். டாப் கியரில் அப்படியில்லை. ஏறக்குறைய முழு விசையையும் கிளட்ச் நெடுநேரம் சுமக்க வேண்டும். எனவே ஆளில்லாத சமதளச் சாலையில், டாப் கியரில், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பாருங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. நழுவத் தொடங்கிய பிளேட் தானாக எளிதில் நிற்காது. உரசலில் பிறக்கும் சூடு பிளேட்டைக் கருக்கி, இருக்கிற பிடியையும் தின்னும்.

பழைய புல்லட்காரர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு, பெட்ரோல்கூடச் செலவாகாது. காலையில் ஒட்டிக்கிடக்கும் பிளேட்டைப் பிரிக்க, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலு முறை மிதிப்பார்கள் அல்லவா? அந்த வண்டியில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்சைக் கடந்துதான் இன்ஜினுக்குப் போகிறது. கிளட்சைப் பிடிக்காமலே கிக்கர் வழுக்கிக்கொண்டு இறங்கி, இன்ஜின் சுழலாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. இறங்கும்போது ‘டக் டக்’ என்று பல் தாவினால் மட்டும் கிக்கரின் பல்லைப் பார்க்க வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். ‘கேபிள் நீண்டுவிட்டது, அதனால்தான் ஸ்லிப் ஆகிறது’ என்பார்கள். நடப்பது நேர்மாறு. கேபிள் நீண்டால் லிவரில் பிளே, அதாவது வெற்று அசைவு, கூடும். கிளட்ச் முழுக்க விடுபடாமல் கியர் முரண்டு பிடிக்கும், நழுவாது. பிளேட் தேயும்போதுதான் பிளே குறைகிறது. அடுக்கு மெலிய மெலிய, அதை அழுத்தும் பிரஷர் பிளேட் நகர்ந்து, தன்னைத் தள்ளும் தண்டிலேயே போய் முட்டிக்கொள்கிறது. லிவரை யாரும் தொடாதபோதும் யாரோ அரைக் கிளட்ச் பிடித்திருப்பது போன்ற நிலை அது. கேபிளைத் தளர்த்தியதும் நழுவல் நின்றால் பிளேட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் இருக்கிறது. நிற்காவிட்டால்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

அதற்கு முன் எண்ணெயைக் கேளுங்கள். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் புதுப் பிளேட்டும் வழுக்கும். இதற்காகவே ஜப்பானியர்கள் 1998இல் ஜேசோ தரத்தை வகுத்தார்கள்: நனைந்த கிளட்சுக்கு ‘எம்ஏ’ வகை, உராய்வு குறைந்த ‘எம்பி’ வகை இதற்கு ஆகாது. ஸ்பிளெண்டர் போல இன்ஜின் எண்ணெயிலேயே கிளட்சும் குளிக்கும் வண்டிகளில் இதை மறக்கவே கூடாது.

மூடியைத் திறந்துவிட்டால் பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரும்புப் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அது ஏறத்தாழ 300 டிகிரி சூட்டைக் கண்டிருக்கிறது. அதைத் துடைத்துத் திரும்ப மாட்ட விடாதீர்கள்.