பொகவந்தலாவைக் கல்லறைகளும் கமரன் குடிவரலாறும்

போரில் வீழ்ந்த மறவர்க்கு நடுகல் நாட்டி, அவர்தம் பெயரையும் செயலையும் அதன்கண் பொறித்தல் பழந்தமிழர் வழக்கம். இறந்தோரைக் கல்லினால் நினைவுகூர்தல் பிற நாட்டினர்க்கும் உரியதே. பெயர் பொறித்த கல்லொன்று கிடைப்பின், அதனைத் தொடக்கமாகக் கொண்டு ஒரு குடியின் வரலாற்றைப் பல தலைமுறை பின்னோக்கி ஆராய்தல் கூடும். இலங்கை மலைநாட்டிலுள்ள இரு கல்லறைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

அட்டனுக்குத் தென்கிழக்கே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயம் உளது. அதன் சேமக்காலையில் சாள்ஸ் ஹே கமரன் என்பாரும் அவர்தம் மனைவி யூலியா மார்கரட் கமரனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். யூலியா 1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் டிக்கோயாவிலே காலமானார். கணவர் அடுத்த ஆண்டு மே மாதத்தில் இறந்தார்.

கணவர் பெயரின் நடுவே நிற்கும் 'ஹே' என்னுஞ் சொல்லே ஆராய்ச்சிக்கு முதற்படியாகும். அது தாய்வழி வந்த குடிப்பெயர். அவர்தம் தாய் ஸ்கொத்லாந்தின் எரோல் பிரபு குலத்தில் உதித்தவர்; தந்தை பகாமாத் தீவுகளின் தேசாதிபதியாக விளங்கியவர். 1795இல் பிறந்த கமரன் சட்டம் பயின்று, பெந்தம் என்னும் அறிஞரின் கொள்கையைப் பின்பற்றினார். 1830இல் கோல்புறூக்குடன் விசாரணை ஆணையாளராய் இலங்கையிற் பணிபுரியத் தொடங்கினார். அவ்விருவர் அறிக்கைகளின் பயனாகவே இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது. 1833இல் சட்டநிரூபண சபை தோன்றியது. நீதிமன்றங்கள் ஒரே முறைமையின்கீழ் அமைந்தன. பின்னர்க் கல்கத்தாவில் மக்கோலேயுடன் சட்ட ஆணைக்குழுவிற் பணியாற்றினார். இலங்கையிற் பெருநிலங்களையும் வாங்கினார்.

யூலியா 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தர். தாய் பிரெஞ்சு மரபினர். 1838இல் கமரனை மணந்தார். பின்னாளில் வைற்றுத் தீவில் கவிஞர் தெனிசனுக்கு அயலவராய்க் குடியேறிய இவர்கள், தம் இல்லத்துக்கு 'டிம்போலா' எனப் பெயரிட்டனர். அஃது இலங்கைத் தோட்டமொன்றின் பெயரைத் தழுவியதாகும். 1863இல் மகளும் மருகனும் அளித்த கமரா யூலியாவின் வாழ்வை மாற்றியது. நாற்பத்தெட்டு வயதில் நிழற்படக் கலையைக் கற்கத் தொடங்கிய அவ்வம்மையார், தெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலியோரைப் படம் பிடித்துப் பெரும்புகழ் எய்தினார்.

1869 முதல் இலங்கைக் கோப்பிப் பயிரை இலைநோய் அழிக்கலாயிற்று. கமரன் குடும்பத்தின் பொருள்நிலை தளர்ந்தது. மைந்தர் சிலர் இலங்கையில் வாழ்ந்தமையால், 1875இல் பெற்றோரும் இங்கு வந்தனர். தமக்குரிய சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு வந்தனர் என்பர்.

இக்குடியின் தொடர்பு பொகவந்தலாவையோடு முடிந்துவிடவில்லை. யூலியாவின் சகோதரி பேத்தியே ஆங்கில நாவலாசிரியை வேர்ஜினியா வூல்ஃப். அவர்தம் கணவர் லெனாட் வூல்ஃப், 1904 முதல் 1911 வரை இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். முதலிற் பணிபுரிந்த இடம் யாழ்ப்பாணம்.

இத்துணையும் அறிதற்கு ஏது யாது? ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு, அரசாங்க அறிக்கை, கடிதம் என்பன ஒன்றுக்கொன்று சான்றாய் நிற்றலே. கல் பெயரைத் தருகின்றது. ஏடு வரலாற்றைத் தருகின்றது.

இனி, அக்கல்லறைகளைச் சூழ்ந்த மலைச்சாரலை நோக்குதல் வேண்டும். காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். மன்னார்க் கரையிலிறங்கிக் கண்டி நோக்கிக் கால்நடையாய் வந்தோருட் பலர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டனர். அவர்க்குக் கல்லுமில்லை; ஏடுமில்லை. யூலியா அம்மையார் இலங்கையிற் பிடித்த படங்களுட் சில எஞ்சியுள்ளன. இங்கிலாந்துப் படங்களில் அறிஞர் பெயர் துலங்க, இங்குள்ள உழைப்பாளர் பெரும்பாலும் பெயரின்றியே காட்சியளிக்கின்றனர்.

பெயரின்மை சிறுகுறையன்று என்பதைப் பிற்காலம் காட்டிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்தவரும் தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்தமையைக் காட்டுதல் வேண்டும் என்றது. உயர்குடிக்குப் பெருமைதரும் குலவரலாறு, தோட்டத் தொழிலாளிக்கு நாட்டுரிமை தரும் ஆவணமாயிற்று. பதிவில்லாதோர் அதனை எங்ஙனம் காட்டுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழிப் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் குறையைத் தீர்க்க 2003இலும் சட்டமியற்ற வேண்டியிருந்தது.

ஆதலால், கமரன் குடிவரலாற்றை ஆராய்ந்த முறையைக் கல்லறை இல்லாதார்க்கும் கையாளுதல் தகும். தோட்டப் பேரேடுகள், கங்காணிமார் கணக்குகள், கடன்தொகை குறித்த 'துண்டு'ச் சீட்டுகள், மண்டபம் முகாமின் பதிவுகள், மாரியம்மன் கோயில் உபயப் பட்டியல்கள், முதியோர் வாய்மொழி ஆகியன அதற்கு ஏற்ற சான்றுகள். மலைநாட்டு ஆசிரியரும் மாணவரும் தத்தம் பாட்டன் பூட்டன் பெயரை முதலில் எழுதிவைப்பாராயின், அதுவே அவர்க்கு நாட்டும் நடுகல்லாகும். முதியோர் மறையுமுன் இப்பணி தொடங்குதல் நன்று.