வானத்திலிருந்து வரும் சேனல்களில் உங்களுடையவை எவை?

மொட்டை மாடியில் பொருத்தியிருக்கும் அந்தச் சிறிய டிஷ்ஷில், நீங்கள் பணம் கட்டிய சேனல்கள் மட்டும் வந்து விழுவதில்லை. உங்கள் டிடிஎச் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் அத்தனை சேனல்களும், பஞ்சாபிப் பாட்டுச் சேனல் முதல் வங்காளச் செய்திச் சேனல் வரை, இரவும் பகலும் அதன்மேல் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு டிஷ்ஷிலும் அதே கதைதான். அவர்கள் சின்ன பேக், நீங்கள் பெரிய பேக் என்ற வித்தியாசம் வானத்தில் கிடையாது. டிவிக்கு அடியில் இருக்கும் செட்டாப் பாக்ஸுக்குள் வந்த பிறகுதான் அது உண்டாகிறது.

மாதா மாதம் ரீசார்ஜ் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் சேனல் பட்டியலை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் பிடிபடாது. எது இயற்பியல் விதித்தது, எது நிறுவனம் தீர்மானித்தது, எது நாம் கேட்டு மாற்றக்கூடியது என்று பிரித்தறிய, பெட்டி வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

டிஷ்ஷிலிருந்து தொடங்கலாம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்பதற்குச் சமம். தூர்தர்ஷனின் இலவச சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 வழியாக. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏறிப்போன இந்தச் செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசை. அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 68 டிகிரி உயரம். அதாவது உச்சிக்குக் கொஞ்சம்தான் கீழே. ஆனால் டிஷ் அவ்வளவு அண்ணாந்திருப்பதாகத் தெரியாது. டிஷ்ஷுக்கு முன்னே நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி. நடுவில் நின்று அலையை மறைக்கக் கூடாது என்பதற்காக அதைக் கீழே ஒதுக்கி, அதற்கேற்ப வளைவையும் மாற்றி அமைத்திருப்பார்கள். அதனால் டிஷ் பார்ப்பதாக நாம் நினைக்கும் திசையைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி மேலிருந்து சிக்னல் வருகிறது. எதிரே நிற்கும் மதில் சுவர் தொந்தரவு செய்யாது. எங்கோ மேலே வளர்ந்து நீளும் தென்னை மட்டை தொந்தரவு செய்யும். நல்ல ஃபிட்டர் மாடியேறியதும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

திசை சிறிது தப்பினாலும் என்ன ஆகும் என்பதற்கு 2010 நல்ல உதாரணம். அந்த ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டு மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் (சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளில்) பாதியை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. பழைய இடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 2 டிகிரிதான். அந்த 2 டிகிரிக்காக ஊர் ஊராக மாடியேறி டிஷ்களைத் திருப்பி வைத்தார்கள்.

எல்.என்.பி.யின் வேலை இரண்டு. வரும் அலை சுமார் 11, 12 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. அதை அப்படியே கேபிளில் இறக்கினால் வழியிலேயே கரைந்துவிடும். எனவே 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி அனுப்புகிறது. இன்னொன்று, செயற்கைக்கோள் தன் அலைகளை இருவகைத் தளவாக்கத்தில் (அலை அதிரும் தளம் செங்குத்து, கிடை என இரண்டு) அனுப்புவதால், எதை எடுப்பது என்று தேர்வு செய்வது. தேர்வை அறிவிப்பது கீழே இருக்கும் பெட்டி. அதே கேபிளில் 13 வோல்ட் மேலே அனுப்பினால் ஒரு பாதி, 18 வோல்ட் அனுப்பினால் மறுபாதி. கனெக்டரில் மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் 18 வோல்ட் முழுதாக மேலே போய்ச் சேராது. ஒரு பாதிச் சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும், மறுபாதி பளிச்சென்று இருக்கும். எந்தெந்தச் சேனல்கள் சேர்ந்து போகின்றன என்பதைக் கவனித்தாலே பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும். ஐந்தாறு சேனல்கள் ஒன்றாக மறைந்தால் அவை ஒரே டிரான்ஸ்பாண்டரில் வருபவையாக இருக்கும். ஒரே ஒரு சேனல் மட்டும் வரவில்லை என்றால் மாடிக்கே போகவேண்டாம். பெரும்பாலும் அது சந்தா விஷயம்.

மழையில் எல்லாமே போவது வேறு. இந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் போதுமானவை. மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி அக்டோபரிலும் சில நாள்கள் வெயிலிலேயே சில நிமிடம் படம் போகும். அப்போது டிஷ்ஷின் பார்வையில் செயற்கைக்கோளுக்குப் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது. சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடுகிறது. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, தானே சரியாகும்.

இப்போது ரிமோட். ஓர் எண்ணை அழுத்திவிட்டுப் படம் வருவதற்குள் ஒன்றிரண்டு விநாடி கழிகிறதே, அந்த இடைவெளியில் நடப்பவை எனக்கு எப்போதும் வியப்பு. பழைய ஆன்டெனா டிவியில் திருகினால் உடனே படம் வந்தது. இங்கே பெட்டி முதலில் தன் அட்டவணையைப் பார்க்கிறது: இந்த எண்ணுக்கு உரிய சேனல் எந்த அதிர்வெண்ணில், எந்தத் தளவாக்கத்தில் வருகிறது? அதற்குரிய வோல்டேஜை மேலே அனுப்பி, அந்த அதிர்வெண்ணைப் பிடிக்கிறது. பிடித்ததும் கிடைப்பது ஒரு சேனல் அல்ல, பல சேனல்களின் துண்டுகள் கலந்து ஓடும் ஒரே நீரோட்டம். ஒவ்வொரு துண்டும் சரியாக 188 பைட். ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 71 என்ற எண். அதை வைத்துத்தான் துண்டு எங்கே தொடங்குகிறது என்று பெட்டி கண்டுகொள்கிறது. அடுத்துள்ள சில பிட்டுகளில் 0 முதல் 8191 வரை ஓர் அடையாள எண்.

பெட்டி முதலில் தேடுவது 0 என்ற அடையாளம் கொண்ட துண்டை. இந்த ஓட்டத்தில் என்னென்ன சேனல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் விவரமும் எந்த எண்ணில் கிடைக்கும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. அந்த விவரத் துண்டைப் பிடித்தால், நாம் கேட்ட சேனலின் படம் இந்த எண்ணில், ஒலி இந்த எண்ணில் என்று தெரிகிறது. ஒலி ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். குழந்தைகள் சேனல்கள், அறிவியல் சேனல்கள் பலவற்றில் தமிழ் ஒலித்தடமும் சேர்ந்தே வருகிறது. ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தானை அழுத்தாமலே, ‘இதெல்லாம் இந்தி, நமக்கு எதற்கு’ என்று ஒதுக்கிவிடுகிற வீடுகள் நிறைய. ஒரு சேனலை வேண்டாம் என்று முடிவு செய்யுமுன் இந்தப் பொத்தானைத் தொட்டுப் பாருங்கள்.

படத்துண்டுகள் கிடைத்தாலும் அவை பூட்டியிருக்கும். திறக்கும் சாவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சாவியும் மறைகுறியாக்கப்பட்டு அதே ஓட்டத்தில்தான் வருகிறது. பெட்டியில் செருகியிருக்கும் உங்கள் வியூயிங் கார்டில் அந்தச் சேனலுக்கான உரிமை பதிவாகியிருந்தால் மட்டும் கார்டு அதைப் பிரித்துப் பெட்டிக்குத் தருகிறது. கார்டே இல்லாத பெட்டிகளில் உள்ளே இருக்கும் சிப் இதைச் செய்கிறது. சாவி கிடைத்த பின்னும் ஒரு காத்திருப்பு உண்டு. ஒவ்வொரு பிரேமும் முழுப்படமாக வருவதில்லை. முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே வருகிறது. இடையிடையே ஒரு முழுப்படம் அனுப்புவார்கள். அது வரும்வரை பெட்டியால் எதையும் காட்ட முடியாது.

மாற்றத்தை மட்டும் அனுப்பும் இந்த உத்தி இல்லாவிட்டால் டிடிஎச் என்ற தொழிலே இல்லை. ஸ்டூடியோவில் சாதாரணத் தெளிவுள்ள படம் விநாடிக்கு 270 மெகாபிட் பிடிக்கும். வீட்டுக்கு வரும்போது அது இரண்டு, மூன்று மெகாபிட்டாகச் சுருங்கியிருக்கும். ஒரு டிரான்ஸ்பாண்டரின் கொள்ளளவு சில பத்து மெகாபிட்தான்; அதைப் பல சேனல்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு தெருவே தண்ணீர் பிடிப்பது போன்ற ஏற்பாடு இது. ஒரு சேனலில் செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், மிச்சப்படும் பங்கை இன்னொரு சேனலின் சண்டைக் காட்சிக்குத் திருப்பிவிடும் கருவி ஒளிபரப்பு நிலையத்தில் இருக்கிறது. தொட்டியில் குழாய்கள் கூடிவிட்டால் எல்லோருக்கும் குறையும். சேனல் எண்ணிக்கை அதிகம் என்று விளம்பரம் செய்வதற்கும் படத்தின் தரத்துக்கும் உள்ள உறவு இதுதான்.

எனவே தரம் பார்க்க வேண்டுமானால் முகத்தைக் காட்டும் சீரியலைப் பார்க்காதீர்கள். அது எல்லாச் சேவையிலும் நன்றாகத்தான் இருக்கும். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கு ஓடும்போது கேமரா திரும்புமே, அப்போது புல்லைப் பாருங்கள். புல் பச்சைக் களிம்பாகக் குழைந்தால் அந்தச் சேனலுக்குப் பங்கு போதவில்லை. பாட்டுக் காட்சியில் புகை, பூச்சொரிதல், கடல் அலை. செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்தின் விளிம்பு. எச்டிக்குக் கூடுதல் காசு தருமுன் இவற்றைப் பார்ப்பது நல்லது. விளையாட்டுக்கும் இயற்கை நிகழ்ச்சிகளுக்கும் எச்டி தேவை என்பேன். பழைய படங்கள் ஓடும் சேனலுக்குத் தேவையில்லை. சேனலின் கையில் உள்ள பிரதியில் இல்லாத தெளிவு ஒளிபரப்பில் புதிதாக முளைக்காது.

இனி எண்களும் ரூபாயும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் 2017-ல் அறிவித்த விதிகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய்க்குச் சாதகமாக முடிந்தது. அதற்குப் பின் நடைமுறைக்கு வந்த முறை பார்வையாளருக்கு உண்மையிலேயே நல்லது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை அறிவிக்கப்பட வேண்டும். வேண்டியதைத் தனியாக எடுக்கலாம். சேனல்கள் பக்தி, திரைப்படம், செய்தி, விளையாட்டு என்று வகைவாரியாகவும் மொழிவாரியாகவும் ஒன்றாக அடுக்கப்பட வேண்டும். ஒரு சேனலுக்குக் கொடுத்த எண்ணை ஓராண்டுக்கு மாற்றக் கூடாது. எழுத்து படிக்க வராத பாட்டியும் எண்ணை மனப்பாடம் செய்துவைத்துப் பக்திச் சேனலைப் போட்டுக்கொள்கிறாரே, இந்த விதியின் அருமை அவருக்குத்தான் தெரியும். விலைகளைத் திரையிலேயே காட்ட 999-ஆம் எண்ணை ஒதுக்கவும் டிராய் சொன்னது.

ஆனால் பெட்டியைப் போட்டதும் தானாக வந்து நிற்கும் முதல் சேனல் நீங்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. அந்த இடத்துக்கு ஒளிபரப்பாளர்கள் நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது உண்டு. அதற்கு வேறு மதிப்பு எதுவும் கற்பிக்க வேண்டாம்.

பில் இரண்டு பகுதி. ஒன்று இணைப்புக் கட்டணம்; 2019-ல் 100 சேனல்களுக்கு 130 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது, 2020-ல் அதே தொகைக்கு 200 சேனல்கள் என்றானது, 2024-ல் உச்சவரம்பே எடுக்கப்பட்டு நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்னொன்று கட்டணச் சேனல்களின் விலை. இரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. 19 ரூபாய்க்கு மேல் விலையிட்ட சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தத் தள்ளுபடிதான் கணக்கைக் குழப்புவது. நான்கு சேனல் தேவைப்படுகிற வீட்டுக்குத் தொகுப்பு லாபம்; ஒன்றே ஒன்றுக்காக எடுத்தால் நஷ்டம். ஒரு வாரம் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துவைத்தால் எது உங்கள் வீடு என்று தெரிந்துவிடும். ஒரே சேனல் சாதாரணத்திலும் எச்டியிலும் இரண்டாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இப்படி இரட்டிப்பாகப் போவது சகஜம்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தொடங்கியது. பெட்டியும் டிஷ்ஷும் வாங்கினால் போதும். டிடி தமிழ் வரும். ஏலத்தில் இடம் பிடிக்கும் தனியார் சேனல்களில் பெரும்பான்மை இந்தி என்பதால், தமிழ் சீரியலும் படமும் பார்க்கும் வீட்டுக்கு இது ஈடாகாது. செய்தி, வானொலி, கல்விச் சேனல்கள் போதும் என்பவர்களுக்கும், இரண்டாவது டிவிக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

பட்டியலைத் திருத்திய பிறகு ஒன்றைச் செய்யுங்கள். நீங்கள் சேர்த்த, நீக்கிய சேனல்களின் விவரம் உங்கள் கார்டின் எண்ணுக்கென்று தனிச் செய்தியாக மேலே போய், செயற்கைக்கோள் வழியாகத் திரும்பி வருகிறது. அதே செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்புவார்கள். ஆனால் பிளக் பிடுங்கிய பெட்டியால் அதைக் கேட்க முடியாது. எனவே மாற்றம் செய்ததும் பெட்டியை ஒரு சேனலில் வைத்து, படம் வரும் வரை அணைக்காமல் விட்டுவிடுங்கள். அரை மணிக்கு மேலாகியும் வராவிட்டால், கார்டு எண்ணைச் சொல்லி மறுபடி சிக்னல் அனுப்பச் சொன்னால் போதும்.