தூண்டில் குண்டுக்கேற்ற காரீயம்

வீச்சுவலையின் விளிம்பில் கோக்கும் மணிகளும் தூண்டில் குண்டுகளும் பெரும்பாலும் காரீயத்தால் ஆனவை. நீரைப் போல் 11.3 மடங்கு கனமுள்ள இவ்வுலோகம் 327 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகுவதால், பலர் இதனை வீட்டிலேயே வார்க்கின்றனர். ஆயினும் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஈயமெல்லாம் ஒரே தன்மையுடையதன்று.

தூய ஈயம் மென்மையானது; நகத்தால் கீறினால் கோடு விழும்; தரையில் போட்டால் மந்தமாக ஒலிக்கும். குண்டு வார்க்க இதுவே ஏற்றது. மோட்டார்ச் சக்கரங்களின் சமன் எடைகளில் ஆன்டிமனி கலந்திருப்பின், வார்ப்பு கடினமாகவும் சற்று இலேசாகவும் அமையும். அவ்வெடைகளுள் சில துத்தநாகத்தால் ஆனவை. துத்தநாகம் உருக 420 டிகிரி வெப்பம் வேண்டும். அது ஈயத்திற் கலந்தால் குழம்பு தடித்து அச்சை நிரப்பாது. ஆகவே, வெப்பத்தை அந்நிலைக்குக் கீழே நிறுத்தி, மிதக்கும் துண்டுகளை உடனே அகற்ற வேண்டும். பாட்டரித் தகடுகளை அறவே விலக்குக. அவற்றின் கசடில் ஈரம் பட்டால் நச்சுவாயு எழக்கூடும்.

பெங்களூரின் ஜார்ஜ் அறக்கட்டளை 1997 முதல் 1999 வரை பல நகரங்களில் நடத்திய ஆய்வில், குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் காணப்பட்டது. 2000இல் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. வீட்டு வார்ப்போ அதே நஞ்சை அடுப்பங்கரைக்குக் கொண்டுவருகிறது. குழந்தையின் மூளைக்குத் தீங்கற்ற ஈய அளவென்று எதுவுமில்லை.

எனவே, வார்ப்பைத் திறந்த வெளியில், தனிப் பாத்திரத்தில், ஈரமற்ற அச்சில், குழந்தைகள் அணுகாதவாறு செய்தல் வேண்டும். 232 டிகிரியில் உருகும் வெள்ளீயம் இன்னும் நன்று. கனம் குறைவாதலின் குண்டு சற்றுப் பெரிதாகும், அவ்வளவே.